சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன்

கேள்வி: என் மகளுக்குத் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 'சானடோரியத்தில் இறங்கணும்மா' என்கிறாள். ஒரு ரயில் நிலையத்துக்கு எதற்கு அப்படிப் பெயர்? நம் ஊர் வண்டி அங்கே நிற்குமா? வசதியெல்லாம் எப்படி?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: மகளுக்கு என் வாழ்த்துகள், அம்மா. பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கும் அந்தப் பெயருக்கும் பழைய உறவு.

சானடோரியம் என்றால் காசநோய் மருத்துவமனை. டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-இல் 12 படுக்கைகளோடு அதைத் தாம்பரத்தில் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தின் மென்டிப் குன்றுப் பகுதியில் இதே மாதிரி ஒன்றை நடத்தியவர். 1917-இல் நம் கணிதமேதை ராமானுஜன் உடம்பு முடியாமல் போய்த் தங்கியது அவரிடம்தான். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943-இல். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதனால்தான் பட்டணத்தை விட்டு அத்தனை தள்ளிப் போனார். 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்றும் நெஞ்சு நோய்களுக்கான அரசு மருத்துவமனை அதுதான்.

1967-இல் என் பெரியப்பா ஏழு மாதம் அங்கே படுத்திருந்தார். ஞாயிறுதோறும் பெரியம்மாவும் நானும் மாம்பலத்தில் மீட்டர்கேஜ் என்கிற குறுகிய பாதையில் ஓடிய மின்சார வண்டி ஏறுவோம். பெரியம்மா மடியில் ஒரு தூக்கு. அதற்குள் துணியில் சுற்றிய அவித்த முட்டை நாலு. கவுன்டரில் 'தாம்பரம் ரெண்டு' என்றுதான் கேட்பார். சானடோரியம் என்றால் வரிசையில் நிற்பவர்கள் ஒதுங்குவார்களே என்று பயம். கெட்டி அட்டை டிக்கெட்டில் தாம்பரம் என்று இருக்கும். நாங்கள் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுவோம். பெரியப்பா தேறி வந்து இருபது வருஷம் எங்களோடு இருந்தார். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும்.

ஸ்டேஷனைச் சுற்றியிருந்த உலகம் 1984-இல் மெப்ஸ் வந்ததும் மாறிப்போயிற்று. தூக்கோடு இறங்கியவர்கள் போய், அடையாள அட்டையோடு இறங்குகிறவர்கள் வந்தார்கள். மீட்டர்கேஜும் 2004-இல் விடைபெற்றது.

இனி மகளுக்கு வேண்டியது. விழுப்புரம் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. தாம்பரத்தில் இறங்கி, சென்னை பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சானடோரியம். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். தினம் போய்வர சீசன் டிக்கெட்தான் லாபம். சின்ன ஸ்டேஷன், பெரிய வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோகட்டும். மேற்குப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, மெப்ஸ் அங்கேதான். வீடோ விடுதியோ தேடுவதானால் கிழக்கே சிட்லபாக்கத்தில் பாருங்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் வண்டி நெரியும். லேடீஸ் பெட்டி பிளாட்ஃபாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.