பதக்கம் மலிவாகிவிட்டதா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்) இந்தியா 29 பதக்கம் வாங்கியபோது எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு பேச்சு இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. "ஒலிம்பிக்ல ஆறு, இதுல இருபத்தொன்பது. ஒரே போட்டியைப் பத்தாப் பிரிச்சு ஆளுக்கொரு பதக்கம் குடுத்தா யார்தான் வாங்க மாட்டாங்க?" என்றார் ஒரு நண்பர். எல்லாரும் அவரைக் கடிந்துகொண்டோமே தவிர, யாரும் பதில் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. உயரம் தாண்டுதலில் மாரியப்பன் அங்கே தாண்டியது 1.85 மீட்டர். என் மகன் படிக்கும் கல்லூரியிலேயே அதைத் தாண்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். அரசு லட்சக்கணக்கில் பரிசு கொடுப்பது விளையாட்டுக்கா, பரிதாபத்துக்கா? கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

கு., ஈரோடு

அன்புள்ள கு.,

கேட்டதில் தப்பே இல்லை. உங்கள் நண்பரின் வாயை அடைத்ததுதான் தப்பு. ஒருவர் வாங்கிய பதக்கத்தைப் பற்றிக் கேள்வியே எழுப்பக்கூடாது என்று நினைத்தால், அவரை நாம் விளையாட்டு வீரராக மதிக்கவில்லை என்றுதான் பொருள்.

முதலில் அந்த "பத்தாகப் பிரிக்கிற" விஷயம். அதே பாரிஸில், பாராலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னால், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் எடை கூடியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நாடே கொதித்தது. எடைப் பிரிவு எதற்கு, மல்யுத்தத்துக்கு 18 தங்கம் எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா? ஐம்பது கிலோ பெண்ணை எழுபத்தாறு கிலோ பெண்ணோடு மோதவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது நமக்குத் தெரியும். பாரா விளையாட்டில் வகுப்பு பிரிப்பதும் அதற்காகத்தான். எடைக்குத் தராசு போதும். உடலின் இயக்கத்தை அளப்பதுதான் பெரும்பாடு.

எப்படி அளக்கிறார்கள்? தகுதியுள்ள குறைபாடுகள் மொத்தம் பத்து வகை. உடலியக்கம் சார்ந்தவை எட்டு, பார்வை ஒன்று, அறிவுத்திறன் ஒன்று. மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் விளையாட்டு நுட்பம் தெரிந்தவர்களும் சேர்ந்து வீரரைச் சோதிப்பார்கள். எந்தத் தசைக்கு எவ்வளவு பலம், மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு விளையாடச் சொல்லிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் போட்டி நடக்கும்போதும் கண்காணிப்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டி42, எஃப்52, எஸ்யூ5 என்று ஒரு வகுப்பு கிடைக்கும் (டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல், எஸ்யூ என்றால் கையில் பாதிப்போடு நின்று ஆடும் பேட்மின்டன்; எண் பாதிப்பின் வகையையும் அளவையும் குறிக்கும்). காது கேளாதவர்களுக்கு இதில் இடமில்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனியாக நடக்கிறது. மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் மூன்று தங்கம் வென்றது அங்கேதான். நம் செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

இனி மாரியப்பனுக்கு வருவோம். அவருக்கு ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கியதும், அம்மா காய்கறி விற்றதும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் எந்த வகுப்பில், யாரை எதிர்த்துத் தாண்டுகிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ரியோ 2016-இல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது அது டி42 போட்டி. 2018-இல் வகுப்புகளைத் திருத்தினார்கள். முழங்காலுக்கு மேல் கால் இழந்து செயற்கைக் கால் பொருத்தி ஆடுபவர்கள் டி63 ஆனார்கள். மாரியப்பனைப் போல, பாதிக்கப்பட்ட சொந்தக் காலோடே ஆடுபவர்கள் டி42-இல் இருந்தார்கள். வகுப்பைப் பிரித்தார்கள், பதக்கத்தைப் பிரிக்கவில்லை. டோக்கியோவிலும் பாரிஸிலும் இரு வகுப்பும் ஒரே போட்டியில்தான் தாண்டின.

பாரிஸ் முடிவை இப்போது பாருங்கள். தங்கம் வாங்கிய எஸ்ரா ஃபிரெஷ் என்ற 19 வயது அமெரிக்கர் 1.94 தாண்டினார். அவர் டி63, கார்பன் பிளேடு என்ற வளைந்த செயற்கைக் கால் கட்டியவர். வெள்ளி 1.88 தாண்டிய சரத்குமாருக்கு (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைக்க வேண்டாம், பீகார்க்காரர்), வெண்கலம் 1.85 தாண்டிய மாரியப்பனுக்கு. இருவரும் டி42. பிளேடு ஓடிவரும் வேகத்துக்கு உதவும் என்று ஒரு கட்சி. கணுக்கால் உணர்வே இல்லாமல் ஓடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என் கட்சி, இரண்டுக்கும் தனித்தனிப் பதக்கம் வேண்டும் என்பது. ஆக, உங்கள் நண்பர் பிரிவுகள் அதிகம் என்கிறார். மாரியப்பன் விஷயத்தில் எனக்கு அவை போதவில்லை என்று படுகிறது.

டோக்கியோவில் அவர் 1.86 தாண்டி வெள்ளி வாங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட பாதத்தில் போட்டிருந்த காலுறை நனைந்து எழும்ப முடியாமல் செய்துவிட்டது, இல்லாவிட்டால் 1.90 தாண்டியிருப்பேன் என்று பிறகு சொன்னார். அவர் தோற்றதும் ஜெயித்ததும் அந்த ஈரக் காலுறையில் இருந்தது. உங்கள் மகன் கல்லூரிப் பையன்களின் 1.85-ஐ இதோடு எந்தக் கணக்கில் ஒப்பிடுவது? அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஐம்பது கிலோ எடையுள்ள பளுதூக்கும் வீராங்கனையின் பதக்கத்தையும் பிடுங்கிக்கொள்ளலாம். மூட்டை தூக்கும் ஆண்கள் நம் சந்தையில் நிறைய இருக்கிறார்கள்.

வகுப்பு பிரித்தால் பதக்கம் கொட்டும் என்பதும் சரியல்ல. இதே வகுப்பு முறை 2008 பெய்ஜிங்கிலும் இருந்தது. இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை. 2012 லண்டனில் ஒன்று. ரியோவில் 19 பேர் போய் நான்கு. டோக்கியோவில் 54 பேர், 19 பதக்கம். பாரிஸில் 84 பேர் போய் 29. அப்போதும் பட்டியலில் நமக்குப் பதினெட்டாவது இடம்தான். சீனா 220 வாங்கியது. பயிற்சியாளர், உபகரணம், வெளிநாட்டுப் போட்டி அனுபவம் எல்லாம் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணிக்கை ஏறியது.

பதிலுக்கு நீங்கள் ஒரு வாட்ஸ்அப் துணுக்கை நண்பருக்கு அனுப்பிவிடுவீர்களோ என்றும் பயமாக இருக்கிறது. ரியோவில் பார்வைக்குறைபாடு உள்ளவர்களின் 1500 மீட்டரில் முதல் நால்வரும் ஒலிம்பிக் தங்கத்தைவிட வேகமாக ஓடினார்கள் என்று வரும். உண்மைதான். ஆனால் அந்த ஒலிம்பிக் இறுதி, கடைசிச் சுற்று வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடிய ஓட்டம். நல்ல கட்சிக்குச் சொத்தை சாட்சி தேவையில்லை.

இந்த முறையில் ஓட்டையும் உண்டு. 2000 சிட்னியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் பத்துப் பேருக்குக் குறைபாடே இல்லை என்று தெரியவந்தது. அந்தப் பிரிவு வீரர்கள் எல்லாரும் லண்டன் 2012 வரை வெளியே நிற்க வேண்டியதாயிற்று. நம் பக்கமும் டோக்கியோவில் வட்டு எறிந்து வெண்கலம் பெற்ற வினோத் குமாருக்கு எஃப்52 வகுப்பு பொருந்தாது என்று பதக்கம் ரத்தானது, பின்பு இரண்டாண்டுத் தடையும் வந்தது. சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். சந்தேகப்படுகிறவர்கள் விதிமுறையைப் படித்துவிட்டுச் சந்தேகப்படட்டும்.

பாரிஸில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் அரையிறுதி. எஸ்யூ5 பேட்மின்டன், துளசிமதியும் மனிஷாவும். ஒருவருக்கு இடது கையிலும் மற்றவருக்கு வலது கையிலும் பாதிப்பு. முழு ஆடுகளம், அதே வலை உயரம். இரண்டு தமிழ்ப் பெண்கள் பாராலிம்பிக் இறுதிக்காக எதிரெதிரே நிற்கிறார்கள், முதல் செட் 23-21 வரை இழுக்கிறது. இரண்டாவதை 21-17 என்று துளசிமதி முடித்தார். பிறகு அவருக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம். மறுநாள் நம் ஊடகத்தில் குடும்பக் கஷ்டமும் வாழ்த்துச் செய்தியும் பத்தி பத்தியாக வந்தன. அந்த 23-21 எப்படிப் போனது என்று விரிவாக எழுதியவர்களை நான் பார்க்கவில்லை. பரிதாபத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அது அரசிடம் இருப்பதைவிட இங்கேதான் அதிகம்.

பரிசுத்தொகை பற்றி ஒரு வரி. துளசிமதிக்குத் தமிழக அரசு இரண்டு கோடி கொடுத்தது; அது வெள்ளிப் பதக்கத்துக்கான தொகை. எனக்கு உறுத்துவது, பணமெல்லாம் பதக்கத்துக்குப் பிறகே வருகிறது என்பது. ஒரு மாவட்டத்துப் பிள்ளை தான் எந்த வகுப்பில் வருவோம் என்று தெரிந்துகொள்வதற்கே ஆள் தேடி அலைய வேண்டியிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கை அங்கே முன்கூட்டிச் செலவழிக்கலாம்.

அன்புடன்.