தேய்ந்த விரலும் ரேஷன் மெஷினும்

அன்புள்ள ஐயா,

பீடி சுற்றும் பெண்களுக்கு ரேஷன் கடையில் ரேகை விழாதது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கும் அம்பாசமுத்திரம் பக்கம்தான். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. கைரேகை வந்த பிறகுதானே கடையில் திருட்டு குறைந்தது? சிலருக்கு ரேகை விழவில்லை என்பதற்காக டெக்னாலஜியைக் குறை சொல்லலாமா? நல்ல மெஷின் வந்தால் சரியாகிவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திருட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். வாங்காத சீனியை வாங்கியதாகக் கார்டில் எழுதிக் கொடுத்த காலத்தில் வளர்ந்தவன் நான். அதற்காக அம்மா கடை வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறாள். இன்று சாமான் வாங்கியதும் போனுக்கு மெசேஜ் வருகிறது. அது வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் பீடி சுற்றும் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒடிசா, மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, புகையிலைத் தூளைப் போட்டு, பெருவிரலும் ஆட்காட்டி விரலுமாக உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்குக் கணக்கு. முக்கூடலில் எங்கள் மதினி பாவாடை கட்டின வயசில் பீடித் தட்டை மடியில் வைத்தவர். இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவர் பெருவிரல் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

2020-ல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தோடு இங்கே கைரேகை வந்தது. கார்டில் உள்ள யார் ரேகை வைத்தாலும் போதும். மதினியின் மகனோ திருப்பூரில் தனிக் கார்டு வாங்கிவிட்டான். இவர் கார்டில் இவர் மட்டும்தான்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். கடைப் பையன் பொறுமைசாலி. ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்துப் பார்த்தான். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னான், முந்தியில் துடைக்கச் சொன்னான். “ரேகை விழ மாட்டேங்கு அத்தை, நாளைக்கு வாங்க” என்றான். “நேத்தும் இதத்தானய்யா சொன்ன” என்றார் மதினி. பக்கத்துத் தெருப் பையன் அவன். ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும். தெரிந்தும் அரிசி போட முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கருவிழி பார்க்கலாம், படிவம் கொடுத்து வேறு ஆளை அனுப்பலாம், எல்லாம் உண்டு. ஆனால் அப்படி ஒரு படிவம் இருப்பது மதினிக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு நடைக்கும் அரைநாள் பீடி போனது.

நல்ல மெஷின் வரட்டும், தம்பி. கூடவே, மெஷின் கைவிரித்தால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட அந்தப் பையனுக்கு அதிகாரம் வேண்டும். நோட்டை மேலதிகாரி வந்து சரிபார்க்கட்டும், தப்பு நடந்தால் பிடிக்கட்டும். இதையும் சேர்த்து எழுதக்கூடிய இடத்தில் உங்களைப் போன்றவர்கள்தான் இருக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் சொல்லுங்கள், சேர்ந்து கடைக்குப் போவோம். மதினியிடமும் சொல்லி வைக்கிறேன்.