ஸ்கூட்டுக்கு இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

கேள்வி: நானும் என் மகனும் அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் போர்ட்லாந்து ட்ரெயில் பிளேசர்ஸ் அணியின் ரசிகர்கள். ஹில்ஸ்பரோவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்த அணிதான்; அவனுக்குப் பிறந்ததிலிருந்தே. இப்போது வீட்டில் ஸ்கூட் ஹெண்டர்சன் பெயரை எடுத்தாலே சண்டை வருகிறது. 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், மூன்றாவது ஆளாக எடுத்த பையன். முதல் சீசனில் ஆட்டத்துக்கு 14 புள்ளி, இரண்டாவதில் 12.7. மூன்றாவது சீசன் தொடங்கும் முன்பே காயம். எங்கள் நட்சத்திரம் லில்லர்ட் வந்த வருடமே கலக்கவில்லையா? ஸ்கூட்டுக்கு அடுத்து எடுக்கப்பட்ட ஆமென் தாம்சன் ஹூஸ்டனில் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். இனியும் பொறுப்பது வீண், நல்ல விலை வரும்போதே மாற்றிவிட வேண்டும் என்கிறேன். மகனோ ஷாட் சதவீதம் ஏறுகிறதே என்கிறான்; மெதுவாகத் தொடங்கிப் பெரிய ஆளானவர்கள் நோவிட்ஸ்கி, யானிஸ் என்று பட்டியல் போட்டு, "உங்களுக்குப் பொறுமையே கிடையாதுப்பா" என்கிறான். அவனுடைய கணக்கு மார்க்குக்கும் அதே வசனம்தான்! யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம் என்ற ஒரு அப்பா, ஆரிகன்

பதில்:

அன்புள்ள அப்பாவுக்கு,

கணக்கு மார்க்கை இதில் சேர்க்காதீர்கள். ஸ்கூட்டை விற்கலாமா என்று கேட்கும் அதே மூச்சில் மார்க்கையும் சொன்னால், பையன் ஸ்கூட்டுக்காக வாதாட மாட்டான், தனக்காகத்தான் வாதாடுவான். அது தனிப் பஞ்சாயத்து. பந்துக்கு வருவோம்.

முதலில் லில்லர்ட். போர்ட்லாந்துக்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒப்பீடு இது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டேமியன் லில்லர்ட் வீபர் ஸ்டேட் கல்லூரியில் நான்கு வருடம் இருந்துவிட்டு 2012-இல் வந்தார். முதல் என்பிஏ ஆட்டம் ஆடியபோது வயது 22. ஸ்கூட் 17 வயதிலேயே பள்ளியின் கடைசி வருடத்தை விட்டுவிட்டு ஜி லீக் இக்னைட் என்ற அணிக்குப் போனார். கல்லூரிப் பக்கமே போகவில்லை. என்பிஏ தரையில் இறங்கும்போது 19. அவர் பிறந்தது 2004 பிப்ரவரி. மூன்று சீசன் கழித்து, 2026 இலையுதிர்காலத்தில் நான்காவது சீசனைத் தொடங்கும்போதுதான் அவருக்கு 22 வயது. லில்லர்ட் அந்த வயதில்தான் முதல் சீசனையே தொடங்கினார். ஆமென் தாம்சனும் ஸ்கூட்டை விட ஒரு வயது மூத்தவர். அவர் 2025-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பட்டியலான தடுப்பாட்ட முதல் அணியில் இடம்பிடித்தது உண்மை, பெரிய விஷயம்தான். ஆனால் அவருடைய ஆட்டமே வேறு மாதிரி. ஓடுவது, எகிறுவது, மறிப்பது என்று முதல் நாளிலிருந்தே உடம்பை வைத்துச் சம்பாதிக்கலாம். பாயின்ட் கார்டுக்கு அந்த வசதி குறைவு.

பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவனுடைய வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிக் அண்ட் ரோலில் (கூட்டாளி வந்து காவல்காரனை மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டமுறை) தன்னைக் காவல் காப்பவன் எந்தப் பக்கம் வருகிறான், எதிரணியின் நெட்டை ஆள் கீழே நிற்கிறானா மேலே ஏறி வருகிறானா, மூலையில் நிற்பவனை விட்டுவிட்டு எவன் உள்ளே ஓடிவருகிறான் என்று மூன்று விஷயத்தை ஒரு நொடிக்குள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பள்ளியில் எல்லோரையும் வேகத்திலேயே தாண்டிப் போன பையன், என்பிஏ வந்ததும் தன் அளவுக்கு வேகமான ஆட்களை ஒவ்வொரு இரவும் சந்திக்கிறான். முதல் சீசனில் ஸ்கூட் எடுத்த ஷாட்டுகளில் 38.5 சதவீதம்தான் உள்ளே போயின. பார்க்கவே கஷ்டமாக இருந்தது, மறுக்க மாட்டேன். அதே சீசன் தொடங்கும் முன்தான் லில்லர்ட்டை மில்வாக்கிக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆளை அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் 19 வயதுப் பையனை உட்கார வைத்தார்கள்.

அப்புறம் உங்கள் 14-உம் 12.7-உம். இரண்டாவது சீசனில் அவர் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தார், நிமிடங்களும் கொஞ்சம் குறைந்தன. அதனால் புள்ளி குறைந்தது. அதே சீசனில் ஷாட் சதவீதம் 38.5-லிருந்து 41.9-க்கு ஏறியது. த்ரீ பாயின்டர் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) 32.5-லிருந்து 35.4. டர்ன்ஓவரும், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பதும், குறைந்தது. இந்தப் பையனால் ஷூட் செய்ய முடியாது என்பதுதானே டிராஃப்ட் நாளிலிருந்து எல்லோரும் சொன்ன குறை? அந்தக் குறைதான் நகர்ந்திருக்கிறது. நீங்கள் புள்ளியைப் பார்த்தீர்கள், உங்கள் மகன் சதவீதத்தைப் பார்த்தான். இந்த ஒரு இடத்தில் பையன் சரியான வரியைப் படித்திருக்கிறான்.

ஆனால் அவனுடைய பட்டியலை நான் ஏற்க மாட்டேன். டிர்க் நோவிட்ஸ்கி 1999-இல் சுருக்கப்பட்ட சீசனில் வெறும் 8.2 புள்ளி எடுத்தார், 2011-இல் டல்லாஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். யானிஸ் முதல் சீசனில் 6.8, 2021 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 50. எல்லாம் உண்மைதான். இப்படி ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் பையனையும் கடைசி வரை காப்பாற்றலாம். 2013-இல் யானிஸ் 15-ஆவது. அதே டிராஃப்டில் முதல் ஆள் யார் என்று மகனைக் கேளுங்கள். ஆந்தனி பென்னெட். கிளீவ்லாந்தில் ஆட்டத்துக்கு 4.2 புள்ளி, ஒரே சீசனில் ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து போன இடங்களிலும் எடுபடவில்லை. பொறுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் என் எண்ணம்.

நோவிட்ஸ்கி கதையில் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. அடுத்த சீசனிலேயே அவர் 17.5 புள்ளிக்கு ஏறிவிட்டார். டல்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. பொறுமை கேட்பவன் கூடவே ஏதாவது முன்னேற்றமும் காட்ட வேண்டும். ஸ்கூட் காட்டியிருக்கிறார், மெதுவாக.

வெளியூர் உதாரணம் எதற்கு, உங்கள் அணியின் வரலாற்றிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். ஜெர்மெய்ன் ஓநீல் நினைவிருக்கிறதா? 1996-இல் பள்ளியிலிருந்து நேரே வந்த பையன், போர்ட்லாந்து 17-ஆவதாக எடுத்தது. நான்கு சீசன் வைத்திருந்தார்கள், ஒரு சீசனில்கூட அவர் சராசரி 4.5 புள்ளியைத் தாண்டவில்லை. முன்னால் வரிசையாக அனுபவசாலிகள், இவர் பெஞ்சில். 2000-இல் மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி முன்னிலையை லேக்கர்ஸிடம் கோட்டைவிட்டார்களே, அந்தக் கோடையிலேயே ஓநீலை இண்டியானாவுக்குக் கொடுத்து டேல் டேவிஸை வாங்கினார்கள். ஷக்கீல் ஓநீலைச் சமாளிக்கப் பலசாலி வேண்டுமாம். இரண்டே வருடத்தில் ஜெர்மெய்ன் ஆல்-ஸ்டார். மொத்தம் ஆறு முறை.

இதில் போர்ட்லாந்துக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது, நான்கு வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆட நேரம்தான் கொடுக்கவில்லை. டெட்ராய்ட் செய்ததும் அதுதான். 2003-இல் பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ, பாஷ், வேட் மூவரும் இருக்கும்போதே இரண்டாவதாக டார்கோ மிலிசிச் என்ற 18 வயது செர்பியப் பையனை எடுத்தார்கள். அந்த சீசனில் கோப்பையை ஜெயித்த அணி அது; பையனைத் தரையில் இறக்க நேரமே வரவில்லை. 2006 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்கு அனுப்பினார்கள். அவர் ஆடியிருந்தால் பெரிய ஆளாகியிருப்பார் என்று சொல்லவில்லை. ஆடாததால் தெரியாமலே போனது.

அந்த 2004 டெட்ராய்ட் அணியில் பந்தை நடத்தியவர் யார்? சான்சி பில்லப்ஸ். இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். அவரும் 1997-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட பாயின்ட் கார்டுதான், ஸ்கூட் மாதிரியே. எடுத்த பாஸ்டன் 51 ஆட்டத்தில் அவரை டொராண்டோவுக்குத் தள்ளிவிட்டது. அங்கிருந்து டென்வர், ஆர்லாண்டோ, மினசோட்டா. 2002-இல் டெட்ராய்ட்டுக்கு வரும்போது அவரைப் பெரிய பெயர் என்று யாரும் சொல்லவில்லை. கோப்பை ஜெயித்தபோது வயது 27. 2024-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இதே பில்லப்ஸ்தான் ஸ்கூட்டின் முதல் இரண்டு சீசன்களிலும் போர்ட்லாந்தின் கோச். (பிறகு அவர் விடுப்பில் அனுப்பப்பட்ட விவகாரம் இந்தப் பதிலில் வேண்டாம்.) பில்லப்ஸ் முதல் என்பிஏ ஆட்டம் ஆடிய வயது 21. ஸ்கூட் இரண்டு சீசனை முடித்துவிட்ட வயதும் 21.

உங்கள் கட்சிக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். டெனி அவ்டியா. வாஷிங்டன் 2020-இல் ஒன்பதாவதாக எடுத்து நான்கு சீசன் வைத்திருந்தது, உருப்படியாக முன்னேறியும் வந்தார். 2024-இல் போர்ட்லாந்துக்கு விற்றுவிட்டார்கள். இன்று உங்கள் அணியில் பந்து அதிகம் இருப்பது அவர் கையில்தான். அப்படியானால் ஸ்கூட்டுக்கும் வேறு ஊர்தான் சரியோ என்ற கேள்வி வரும். வரட்டும், தப்பில்லை. அவ்டியா பந்தை வைத்து ஆடும்போது ஸ்கூட்டுக்கு ஓரத்தில் நின்று த்ரீ பாயின்டர் போடத் தெரிந்திருக்க வேண்டும். லில்லர்ட் 2025 கோடையில் திரும்பி வந்தார், குதிகால் தசைநார் அறுந்த நிலையில். பாஸ்டனிலிருந்து, தடுப்பாட்டத்தில் பெயர்பெற்ற அனுபவசாலி கார்டு ஜ்ரூ ஹாலிடே வந்தார். இதைப் பார்த்துவிட்டு, ஸ்கூட் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நிறையப் பேர் பேசினார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. ஹாலிடே மாதிரி ஒருவரோடு தினமும் பயிற்சியில் மோதுவதை விட நல்ல பள்ளிக்கூடம் எந்த இளம் கார்டுக்கும் கிடைக்காது. முதல் வருடமே செய்திருக்க வேண்டிய வேலை இது.

காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில், பயிற்சி முகாம் தொடங்கும் முன்பே, இடது தொடையின் பின்தசை கிழிந்து அவர் மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். அந்த சீசனை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. தொடைத் தசைக் காயத்திலிருந்து வருகிறவனுக்குக் கடைசியாகத் திரும்புவது முதல் அடி வேகம். ஸ்கூட்டின் முதலீடே அந்த முதல் அடிதான். ஆகவே வந்த சில வாரங்களின் எண்களை இரண்டு கட்சிக்காரர்களும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நன்றாக இருந்தாலும் சரி, மோசமாக இருந்தாலும் சரி.

இனி ஆட்டம் பார்க்கும்போது புள்ளிப் பட்டியலை மூடிவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்கூட் பந்தோடு வரும்போது, ஸ்க்ரீன் போட, அதாவது காவல்காரனின் வழியை மறிக்க, நம் நெட்டை ஆள் வந்து நிற்பான். அப்போது எதிரணியின் காவல்காரன் அந்த ஸ்க்ரீனுக்கு அடிவழியாக நழுவிப் போகிறானா, இல்லை மேல்வழியாக ஒட்டிக்கொண்டே துரத்துகிறானா? அடிவழியாகப் போனால், 'நீ வெளியிலிருந்து போடு, எங்களுக்குப் பயமில்லை' என்று எதிரணி கோச் சொல்கிறார் என்று அர்த்தம். மேல்வழியாக வந்தால் அவருடைய த்ரீ பாயின்டரை மதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த மதிப்பு வந்த நாளில், ஒட்டிக்கொண்டு வருபவனைத் தாண்டி உள்ளே போக அவருக்குக் கதவு திறந்துவிடும். மற்றதெல்லாம் தானாக வரும். எதிரணி கோச்சுகளுக்கு யார் மேலும் பாசம் கிடையாது, டிராஃப்ட் வரிசையும் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. நம் எல்லோரையும் விட அவர்கள் நேர்மையான நீதிபதிகள். அடுத்த சீசன் பாதியிலும் எல்லோரும் அடிவழியாகவே போய்க்கொண்டிருந்தால், நான் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

கடைசியாக, காலக்கெடு. இதை நீங்களோ உங்கள் மகனோ முடிவு செய்ய வேண்டியதில்லை, லீக் விதியே செய்துவைத்திருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவர்களுக்கு நான்கு சீசன் ஒப்பந்தம். மூன்றாவது சீசன் முடிந்த கோடையில் ஒப்பந்த நீட்டிப்புப் பேச்சு தொடங்கும், நான்காவது சீசன் தொடங்கும் முன் கையெழுத்து ஆக வேண்டும். அதாவது ஸ்கூட்டுக்கு 2026 கோடை. நான்காவது சீசன் முடியும் வரை அவர் டிராஃப்ட் சம்பளத்தில்தான் இருக்கிறார், என்பிஏ கணக்கில் அது பெரிய பாரமில்லை. காயத்திலிருந்து வந்த பையனை அதற்குள் விற்கப் போனால், வாங்குகிறவன் அடிமாட்டு விலைதான் கேட்பான். "நல்ல விலை வரும்போதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்ல விலை இப்போது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

ஆகவே விற்பதில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஆனால் நீட்டிப்பு என்று வந்தால், பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுக்கிற தொகையைப் பையனின் பட்டியலை நம்பி இப்போதே எழுதித் தருவதற்கும் நான் இல்லை. நடுத்தரத் தொகைக்கு அவர் ஒப்புக்கொண்டால் உடனே கையெழுத்து வாங்கலாம். இல்லையென்றால் நான்காவது சீசனை ஆடவிட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு, அணி தகுதி ஆஃபரை (ஒரு வருட ஒப்பந்த அழைப்பு) முறைப்படி கொடுத்துவைத்தால், அவர் கட்டுப்பாட்டுடன் கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆவார். வேறு அணி கொடுக்கும் ஆஃபருக்குச் சமமாகக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை போர்ட்லாந்துக்கு இருக்கும். நீட்டிப்பு கையெழுத்தாகவில்லை என்று செய்தி வந்தால், கைவிட்டுவிட்டார்கள் என்று உங்கள் மகன் இடிந்து உட்காருவான். இந்த விதியை இப்போதே அவனுக்குச் சொல்லி வையுங்கள். நீங்களும் அன்றைக்கு 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.