கதவு மூடித்தான் இருக்கு, லைட் ஏன் அணையவில்லை?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஜப்பான் கார். எல்லாக் கதவும் இறுக மூடியிருந்தும் டேஷ்போர்டில் கதவு லைட் எரிகிறது. மழை நாளில் ரூம் லைட்டும் அணைவதில்லை, காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது. சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?"

பெரும்பாலும் முடியும். மழை நாளில்தான் தொல்லை அதிகம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆகவே காசைக் கொட்டுமுன் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

பழைய வண்டிகளில் இந்தக் கதவுச் சென்சர் ஒரு சாதாரண பட்டன் சுவிட்ச். கதவைத் திறந்தால், கதவு வந்து மூடுகிற பாடித் தூணில் ரப்பர் உறையோடு நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டியிருக்கும்போது வயரை பாடியோடு சேர்த்து எர்த் கொடுக்கும், லைட் எரியும். கதவு அமுக்கினால் தொடர்பு விடும். மே முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கம் பெய்கிற தென்மேற்கு மழையில், கிழிந்த ரப்பர் வழியாகத் தண்ணீரும் தோட்டத்து ரோட்டுச் சேறும் இறங்கினால் பட்டன் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் உள்ளே பச்சைத் துரு பூக்கும்.

முதலில் குற்றவாளி எது என்று பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் விரலால் நன்றாக அமுக்கி விடுங்கள். எது மெதுவாகத் திரும்பி வருகிறதோ அதன்மேல் கண் வையுங்கள். டிக்கியை மறக்க வேண்டாம், பலரும் மறப்பது அதைத்தான்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் ஸ்குரூவை எடுத்து மெல்ல வெளியே இழுங்கள். கனெக்டரைக் கழற்றுமுன் வயரில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். கை தவறினால் வயர் தூணுக்குள் போய்விடும், அப்புறம் அதைத் தேடி எடுப்பது பெரும் பாடு. பேட்டரியைத் திரும்பக் கொடுத்து, வயர் நுனி பாடியில் படாமல் வைத்து, மற்றக் கதவுகளை மூடிப் பாருங்கள். லைட் அணைந்தால் கோளாறு சுவிட்சில். அணையாவிட்டால் வேறொரு சுவிட்ச், அல்லது எங்கோ தோல் உரிந்த வயர் பாடியில் உரசுகிறது. அதை வயரிங்காரரிடம் விடுங்கள்.

சுவிட்ச்தான் என்றால் கொன்டாக்ட் கிளீனர் (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, பலமுறை அமுக்கி விட்டு, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இதே கதைதான். சுவிட்சே போயிருந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

தூணில் பட்டனே இல்லையா? அப்படியானால் சுவிட்ச் கதவு லொக்குக்குள் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, லொக்கின் கொக்கியைத் திருப்புளியால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தால் லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் லொக்குக்குள் கிளீனர் அடித்து, தள்ளித் தள்ளி விடுங்கள். கதவை மூடுமுன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள், அப்படியே அறைந்தால் லொக் உடையும். இதற்கும் மசியாவிட்டால் உள் பலகையைக் கழற்ற வேண்டிவரும். அதைக் கராஜில் செய்தாலும், பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டினார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் காருக்குள் வரும்.

லைட் தொல்லை தாங்காமல் வயரையே வெட்டிவிடுபவர்களும் உண்டு. அப்புறம் கதவு சரியாக மூடாவிட்டாலும் லைட் சொல்லாது. பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் ஓடுகிற வண்டியில் அது வேண்டாத வேலை.