வழக்கு இருப்பதை பில்டர் மறைக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கோவை பக்கம் முதியோருக்கான குடியிருப்பில் 60 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி 12 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் இன்னும் போடவில்லை. இப்போது அந்த நிலத்தின் மேல் வழக்கு இருக்கிறது, தண்ணீரும் லாரியில்தான் வருகிறது என்கிறார்கள். இதையெல்லாம் பில்டர் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?

பதில்: சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முதலில் கண்ணில் படுவது அந்த 12 லட்சம்தான். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) 13-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. உங்கள் கணக்கில் அது 6 லட்சம். இரண்டு மடங்கு வாங்கியிருக்கிறார்! பேச்சுவார்த்தையில் இதுதான் உங்கள் பிடி, ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வழக்கு விஷயத்துக்கு வருவோம். திட்டத்தைப் பதிவு செய்யும்போதே நிலத்தில் யாருக்கு என்ன உரிமை, என்ன வில்லங்கம் என்பதை பில்டர் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி இயங்கும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, அவர் கொடுத்த ஆவணங்களைப் பாருங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று மட்டும் நம்ப வேண்டாம், கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கு பெரும்பாலும் அதில் தெரியாது. நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடுங்கள், அதுவும் பில்டர் பெயரை மட்டும் அல்ல, நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் பெயரையும். பாகப்பிரிவினை வழக்குகள் அப்படித்தான் அகப்படும்.

இதெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே, சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது மோசடி என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் இந்தக் கடமை தளர்ந்துபோக வாய்ப்பு உண்டு. 'எல்லா ஆவணங்களையும் பார்த்துத் திருப்தி அடைந்தே வாங்குகிறேன்' என்று ஒரு வரி வரும், சும்மா வழக்கமான வரிதான் சார் என்பார்கள். வழக்கு விவரம் எழுத்தில் வரும்வரை அதற்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.

தண்ணீர்தான் சிக்கல். விளம்பரத்தில் '24 மணி நேரத் தண்ணீர்' என்றோ, வளாகத்தில் டாக்டர் இருப்பார் என்றோ அச்சில் இருந்தால், அதை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவில் நஷ்டஈடு உண்டு. விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணம் முழுதும் வட்டியோடு திரும்ப வர வேண்டும். வாயால் சொன்னது மட்டும் என்றால் நிரூபிப்பது கஷ்டம். நம் ஊரில் வயதானவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான், பத்திரத்தில் அல்ல. மெஸ், ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர் நுழையும் லிப்ட், மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டிய சங்கதிகள். விற்கிறாரா, வாழும்வரை தங்கும் உரிமை மட்டும் தருகிறாரா என்றும் கேளுங்கள்.

இப்போதைக்கு அடுத்த தவணையை நிறுத்துங்கள். வழக்கு எண், தண்ணீர் ஆதாரம், வங்கி அடமானம் ஆகிய மூன்றையும் கேட்டு ஒரு மின்னஞ்சல், அதே வாசகத்தில் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பதினைந்து நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரெராவில் புகார் கொடுத்துவிடலாம்.