பெரியப்பாவின் காசு பயோ ரியூசனுக்கு வேண்டாம்

சென்ற கிழமை இணுவிலிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். ஓ.எல்.லில் ஒன்பதும் ஏ. ஏ.எல்.லுக்குப் பிள்ளை பயோ, அதாவது மருத்துவத்துக்குப் போகிற உயிரியல் பிரிவு, எடுத்தால் ரியூசன் செலவு முழுக்கத் தன் பொறுப்பு என்று ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா சொல்லிவிட்டாராம். பிள்ளையோ கலைப்பிரிவில் அரசியல் விஞ்ஞானமும் பொருளியலும் படிக்கப் போகிறேன் என்கிறாள். "ஒன்பது ஏ எடுத்த பிள்ளையை ஆர்ட்ஸுக்கு விட்டால் சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்கும்போது தாய்க்குக் குரல் தளும்பிவிட்டது.

அக்கா, உங்கள் பயம் விளங்குகிறது. பிள்ளை கெட்டிக்காரி, எதிலும் பிழைத்துக்கொள்வாள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த ஆறுதலோடு வீட்டுக்குப் போய், பெரியப்பாவின் அடுத்த அழைப்பிலேயே பயோவுக்குப் பெயர் கொடுத்துவிடுவீர்கள். அதனால் நேரே சொல்கிறேன்: பயோ வேண்டாம்.

மருத்துவபீடத்துக்கு ஆசைப்படுகிற பிள்ளைக்கு நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. உங்கள் மகளுக்கு அந்த ஆசையே இல்லை. ஆசையில்லாத பிள்ளை முதல்முறை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி போதாமல் நிற்கும். உறவுக்காரர் இரண்டாம்முறை எழுதச் சொல்வார்கள். அதுவும் சறுக்கினால் மூன்றாம்முறை. அதன் பிறகு வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரி என்ற பேச்சு வரும், காணி உறுதியை அலுமாரியிலிருந்து எடுப்பீர்கள். பெரியப்பா பொறுப்பெடுத்தது ரியூசன் காசை மட்டும்தான், காணி உங்களுடையது.

பிள்ளையிடம் தனியாகக் கதைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் வரவில்லை என்று, மேன்முறையீட்டை இவளே எழுதிக்கொடுத்திருக்கிறாள். 2023இல் தொடங்கியபோது அந்தத் திட்டம் குடும்பங்களை நான்காகப் பிரித்து மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று கொடுத்தது. கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து என்று 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் யார் எந்தப் பிரிவு என்று தீர்மானித்தார்கள். இவள் மேன்முறையீட்டோடு விடவில்லை, தனியே இருக்கிற வயதான மனுசிக்கு ஓட்டு வீடு இருப்பதால் புள்ளி மாறுமா, அந்த வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா என்று என்னிடமே குறுக்குக் கேள்வி போட்டாள். அரசு எடுக்கும் ஒரு முடிவு ஏன் அப்படி எடுக்கப்பட்டது, ஆருக்குப் போய்ச் சேர்ந்தது, ஆரைத் தவறவிட்டது என்று ஆராய்வதற்கு ஒரு படிப்பே இருக்கிறது. பொதுக்கொள்கை என்பார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து, அந்த ஆண்டு முடியுமுன்னே திரும்பப் பெற்றார்களே, அதில் நட்டப்பட்ட எந்தத் தோட்டக்காரரைக் கேட்டாலும் கொள்கை என்ன செய்யும் என்று சொல்வார்.

சட்டம், ஆசிரியர் வேலை, நிர்வாக சேவைப் பரீட்சை எல்லாம் உங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் சொல்லித் தருவார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத் துறையின் பெயரிலேயே பொதுக்கொள்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அரசியல் விஞ்ஞானம் படிக்கலாம். இரண்டும் அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை.

இங்கே ஆரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படிப்பை வளர்ப்பதற்கென்றே உலகளவில் கல்விச் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பொலிசி ஸ்டடீஸ் ஓர்கனைசேசன் 1971இலேயே தொடங்கியது; பொலிசி ஸ்டடீஸ் ஜேர்னல் என்ற ஆய்விதழ் அவர்களுடையது. நம் பிள்ளைக்கு அதைவிடக் கிட்டத்தில் இருப்பது சர்வதேசப் பொதுக்கொள்கைச் சங்கம். 2013இல் பிரான்சின் கிரெனோபிளில் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நகரத்தில் கூடுவார்கள்: மிலான், 2017இல் சிங்கப்பூர், பிறகு மொன்றியல், பார்சிலோனா. 2023இல் ரொறன்ரோவிலேயே நடந்தது, பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

அங்கே போக முதலில் ஒரு கேள்வி வேண்டும், பெரிய பட்டம் பிறகுதான். ஒவ்வொரு அமர்வுக்கும் பொறுப்பாக இருப்பவர்கள் தலைப்பை அறிவித்து ஆய்வுச் சுருக்கம் கேட்பார்கள். அதை எழுதி அனுப்ப வேண்டும். எடுபட்டால் முழுக் கட்டுரை எழுத வேண்டும். அதை ஒருவர் முன்கூட்டியே படித்துவந்து சபையில் வைத்துக் குடைவார். குடையப்படுவதுதான் அங்கே கிடைக்கும் படிப்பு. இளம் ஆய்வாளருக்குக் கோடைப் பள்ளிகளும் நடத்துகிறார்கள், மாணவருக்குச் சந்தா குறைவு. இப்போதைக்குச் சந்தாவும் வேண்டாம். பழைய மாநாட்டு நிகழ்ச்சி நிரல்களை எடுத்து அமர்வுத் தலைப்புகளை மட்டும் வாசிக்கட்டும். சட்டம் போட்டும் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை என்ற அமர்வைக் கண்டால், 2017இல் இழுவைமடி மீன்பிடிக்குத் தடை வந்த பிறகும் நம் கடலில் நடப்பது அவளுக்கு ஞாபகம் வரும். தண்ணீர் பற்றிய அமர்வென்றால் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதற்குக் கிளிநொச்சி விவசாயிகள் காட்டிய எதிர்ப்பும், அதன் பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கப் போனதும் இருக்கிறது. வேறு ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் தேடுவது நமக்கு வேலிக்கு அப்பால் கிடக்கிறது.

காசு விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாநாட்டுக்கென்று ஒரு பவுனும் அடகுக்குப் போகக் கூடாது. உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் வீட்டில் இருந்து கட்டுரையை வாசிக்கட்டும். முதல் பட்டத்துக்கு வெளிநாடு வேண்டவே வேண்டாம். முதுமாணிக்கு பிரித்தானிய அரசின் செவனிங் போல முழுச்செலவும் ஏற்கும் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், ஆகவே அவசரமும் இல்லை.

வேலை கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொள்கை ஆய்வு நிறுவனம் கொழும்பில் இருக்கிறது, வறுமை ஆய்வு நிலையமும் அங்கேதான். பிரதேச செயலகங்களின் திட்டமிடல் கிளைகள் இங்கேயே இருக்கின்றன, திட்டமிடல் சேவைக்குப் போட்டிப் பரீட்சை உண்டு. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும், புள்ளிவிவர அட்டவணையைக் கண்டு பயப்படக் கூடாது. பெரியப்பா உண்மையாகவே உதவ விரும்பினால் அந்த இரண்டுக்கும் வகுப்புப் பிடித்துக் கொடுக்கட்டும். பயோவுக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது.

ஏ.எல்.லுக்கு எடுக்கும் மூன்றாவது பாடம்தான் இன்னும் முடிவாகவில்லை. அளவையியல் (லொஜிக்) இலகு என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். இலகு என்பதற்காக எடுக்க வேண்டாம். இவள் மனம் போகிற கேள்விகள் தண்ணீரும் காணியும் கடலும். புவியியல் எடுக்கட்டும்.