பிள்ளை அமெரிக்கக் கல்லூரியில்: பதிவேட்டை யார் பார்க்கலாம், அறைக்குள் யார் வரலாம்?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இவை அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதிகள். பிள்ளை சிக்கலில் இருந்தால் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரிடம்தான் பேச வேண்டும்.

ஒரு தாய், கீழக்கரை: மகன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். இரண்டு நாளாகப் போனை எடுக்காததால் கல்லூரிக்கு அழைத்தோம். ‘அப்படி ஒரு மாணவர் இங்கே இருக்கிறாரா என்பதையே சொல்ல முடியாது’ என்றார்கள். ஃபீஸ் கட்டுவது துபாயில் இருக்கும் அவன் வாப்பா. பெற்றவளுக்கே சொல்லாதவர்கள், அதிகாரி வந்து கேட்டால் மட்டும் கொடுத்துவிடுவார்களா?

கொடுக்க வேண்டிய சில விவரங்களை அதிகாரிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மாணவர் பதிவேடுகளைக் காப்பது 1974-ஆம் ஆண்டின் ‘ஃபெர்பா’ சட்டம். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த உரிமை மாணவருடையது. பெற்றோர் பணம் கட்டினாலும் உரிமை கைமாறாது. மாணவர் பெற்றோரைச் சார்ந்தவர் என்று அமெரிக்க வருமான வரிக் கணக்கில் காட்டப்பட்டிருந்தால், ஒப்புதல் இல்லாமலேயே பெற்றோருக்குப் பதிவேட்டைக் காட்டக் கல்லூரிக்கு விலக்கு உண்டு. கீழக்கரையிலும் துபாயிலும் இருக்கும் பெற்றோருக்கு அது பொருந்தாது.

இதற்கு வழி உண்டு. மகனே பதிவாளர் அலுவலகத்தில் ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுக்கலாம். எந்தப் பதிவேடு, எதற்காக, யாருக்கு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்; கையொப்பமும் தேதியும் வேண்டும். உங்கள் பெயரோடு அவன் வாப்பாவின் பெயரையும், அமெரிக்காவில் நம்பகமான உறவினர் ஒருவரின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். சில கல்லூரிகளில் இந்தப் படிவம் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும், அதையும் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன் எடுக்காத அவசரத்தில் பதிவேட்டைக் கேட்காதீர்கள். கல்லூரிக் காவல் துறையை அழைத்து, அறைக்குப் போய் நலமாக இருக்கிறானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

இனி அதிகாரி விஷயம். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர், கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவத்தில் கையெழுத்திடும்போதே, தன் விசா நிலையைத் தீர்மானிக்கத் தேவையான விவரங்களைக் குடியேற்றத்தையும் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தரக் கல்லூரிக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார். முகவரி, படிப்பு, ஒவ்வொரு பருவத்திலும் முடித்த கிரெடிட் (பாட அளவுப் புள்ளி), சேர்க்கைக்குக் கொடுத்த நிதி ஆவணம், படிப்பை நிறுத்திய தேதி, காரணம் எல்லாம் இதில் அடங்கும். ஒரு மாணவரைப் பற்றிக் கேட்டால் 3 வேலை நாட்களுக்குள் கல்லூரி பதில் சொல்ல வேண்டும். அவர் காவலில் இருந்தால் அன்றைக்கே வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். இந்த எல்லையைத் தாண்டி வேறு எதையாவது கேட்டால் சம்மனோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். அப்போது, சொல்லக் கூடாது என்று ஆணையே தடுத்தாலொழிய, பதிவேட்டைக் கொடுக்கும் முன் மாணவருக்குத் தெரிவிக்கக் கல்லூரி முயல வேண்டும். மகன் கல்லூரி மின்னஞ்சலைத் தினமும் பார்க்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் அண்ணன், பாம்பன்: தங்கையின் பெயர், முகவரியை யாருக்கும் தர வேண்டாம் என்று கல்லூரியில் எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி, பிறந்த தேதி, பாடப்பிரிவு போன்றவற்றை ‘டைரக்டரி தகவல்’ என்று வகைப்படுத்தி, ஒப்புதல் கேட்காமலேயே வெளியாருக்குத் தரக் கல்லூரிக்கு அனுமதி உண்டு. மாணவர் அதை எழுத்தில் நிறுத்தலாம். மிரட்டிப் பணம் பறிக்கும் போலி அழைப்புகளைக் குறைக்க இது உதவும். ஆனால் வேலை கொடுப்பவர் பட்டத்தைச் சரிபார்க்கக் கேட்டாலும் ‘சொல்ல முடியாது’ என்றே பதில் போகும். கீழக்கரைத் தாய்க்குக் கிடைத்த பதிலும் இப்படி ஒரு தடையால் வந்ததாக இருக்கலாம். குடியேற்றத் துறைக்குப் போகும் விவரத்தை இது தடுக்காது.

ஒரு தந்தை, தொண்டி: கல்லூரிக்குள் அதிகாரிகள் வரக் கூடாது என்றிருந்த விதியை நீக்கிவிட்டார்களாம். மகளின் விடுதி அறைக்குள் நுழைந்துவிடுவார்களா?

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வழிபாட்டு இடங்களில் நடவடிக்கையைத் தவிர்க்கச் சொன்ன வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது உண்மைதான். அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. வீட்டுக்குள் நுழைவதற்கு அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் விதிக்கும் எல்லை வேறு, அது அப்படியே இருக்கிறது.

கல்லூரிச் சாலை, புல்வெளி, எல்லோரும் வந்துபோகும் கூடம் ஆகியவை பொது இடங்கள். அங்கே அதிகாரி வரலாம், கைதும் செய்யலாம். அடையாள அட்டை தேய்த்துத் திறக்கும் விடுதி, ஆய்வகம், அலுவலக உள்ளறை ஆகியவை அப்படியல்ல. அங்கே நுழைய அனுமதியோ நீதிமன்ற வாரண்டோ வேண்டும் என்பதே கல்லூரிகள் கடைப்பிடிக்கும் விதி.

எல்லா வாரண்டும் ஒன்றல்ல. நீதிமன்ற வாரண்டின் தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும். ஜட்ஜ் அல்லது மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் கையெழுத்திட்டிருப்பார். தேட வேண்டிய முகவரி எழுதியிருக்கும். ஐ-200, ஐ-205 என்ற எண்ணுள்ள தாள்கள் துறையே தன் அதிகாரியைக் கொண்டு கையெழுத்திட்டுக் கொடுப்பவை. ‘இமிகிரேஷன் ஜட்ஜ்’ என்பவரும் நீதித்துறை நீதிபதி அல்லர், அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். கையெழுத்துக்குக் கீழுள்ள பதவியை வாசிக்காமல் ‘ஜட்ஜ் போட்டிருக்கிறார்’ என்று கதவைத் திறப்பவர்கள் உண்டு.

வரவேற்பறையிலோ விடுதி மேசையிலோ இருக்கும் ஊழியர் தாளை வாங்கி முடிவெடுக்க முற்படக் கூடாது. அதிகாரியின் பெயர், துறை, பேட்ஜ் எண்ணைக் குறித்துக்கொண்டு, கல்லூரியின் சட்ட அலுவலகத்தை அழைத்து, அவர்கள் வரும் வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். கல்லூரியின் நடைமுறை என்ன, எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று மகள் இப்போதே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுச் சேமித்து வைக்கட்டும்.

மகள் கதவைத் திறக்காமலேயே பேசலாம், தாளைக் கதவிடுக்கு வழியாகத் தரச் சொல்லலாம். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது: அறைத் தோழி திறந்து ‘வாங்க’ என்றுவிட்டால், இருவரும் புழங்கும் இடத்துக்கு அது அனுமதியாகிவிடும். ஆகவே ஒரே அறையில் இருப்பவர்கள் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை உண்டு. பொய் சொல்வதும், போலித் தாள் காட்டுவதும், ஓடுவதும், கையைத் தட்டிவிடுவதும் கூடவே கூடாது. அவை தனிக் குற்றங்களாகிவிடும். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ஐ-94 எனப்படும் நாட்டுக்குள் வந்த பதிவின் அச்சுப்பிரதி எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஒரு வாசகர், ராமநாதபுரம்: ‘சேவிஸ்’ பதிவை ரத்து செய்தால் உடனே கிளம்பி வந்துவிடுவதுதானே நல்லது?

சேவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு. அது ரத்தானாலும் வழக்கறிஞரிடம் பேசாமல் கிளம்பக் கூடாது. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் சேவிஸ் பதிவுகள் ரத்தாயின. பலர் நீதிமன்றம் போனார்கள், அந்த மாத இறுதியிலேயே அரசு பதிவுகளைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கியது. விசா ரத்தாவது வேறு, சேவிஸ் ரத்தாவது வேறு. முதலாவது நாட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு, இரண்டாவது அங்கே தங்கிப் படிக்கும் நிலை. எது ரத்தானது, என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று டி.எஸ்.ஓ. எனப்படும் கல்லூரிப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மாணவர் தரப்பில் தவிர்க்கக்கூடிய தவறுகளும் உண்டு: வீடு மாறி 10 நாட்களுக்குள் சொல்லாதது, இளநிலையில் முன் அனுமதியின்றி 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்குவது, அனுமதியில்லாமல் கடையில் வேலை பார்ப்பது.

ஒரு தாய்மாமா, பெரியபட்டினம்: பிடித்துக்கொண்டு போய்விட்டால் எங்கே இருக்கிறான் என்று இங்கிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

குடியேற்ற அமலாக்கத் துறையின் இணையதளத்தில் காவலில் இருப்போரைத் தேடும் பக்கம் உண்டு. வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் 9 இலக்க ‘ஏ’ எண்ணும் பிறந்த நாடும், அல்லது முழுப் பெயரும் பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்கமாட்டார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய இடறல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவன் பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயருக்கு ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்தும் அச்சாகியிருக்கும். தேடும்போதும் அப்படியே போட்டுப் பாருங்கள். முகம்மது என்ற பெயரின் ஆங்கில எழுத்தை விசாவில் இருப்பதுபோலவே இடுங்கள். புதிதாகப் பிடிபட்டவர் உடனே பட்டியலில் வராமல் போகலாம், மறுபடியும் தேடுங்கள்.

‘ஏ’ எண் எஃப்-1 மாணவருக்குத் தொடக்கத்தில் இருக்காது, ஓ.பி.டி. எனப்படும், படிப்பு சார்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி அட்டை வந்திருந்தால் அதில் இருக்கும். பாஸ்போர்ட், விசா, ஐ-20, ஐ-94, அந்த அட்டை ஆகியவற்றின் நகல்கள் ஊரில் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி பிள்ளையே வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காமல் தானாகச் சொல்ல வேண்டிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. நீங்கள் வெளிநாட்டிலுள்ள இந்தியர்களுக்கு உதவ வெளியுறவு அமைச்சகம் நடத்தும் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியுங்கள், சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் தெரிவியுங்கள். குடியேற்ற வழக்கில் அரசுச் செலவில் வழக்கறிஞர் தரமாட்டார்கள். தான்தான் அவருக்காக ஆஜராகிறேன் என்று வழக்கறிஞர் ஜி-28 படிவம் கொடுத்த பிறகே அதிகாரிகள் அவரோடு வழக்கைப் பேசுவார்கள், ஆகவே கட்டணம் பேசும்போதே அதைக் கேளுங்கள்.

ஒரு மாணவி, மண்டபம் மறுவாழ்வு முகாம்: நான் இங்கேயே கல்லூரியில் படிக்கிறேன். முகாம் விசாரணை என்று சொல்லி யாராவது கல்லூரியில் என் விவரம் கேட்டால்?

இந்தியாவில் ஃபெர்பா போன்ற சட்டம் இல்லை. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படையான 21-ஆம் பிரிவு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த நபரும்’ என்கிறது. அது உங்களையும் காக்கிறது, தங்கை. விசாரணைக்கு ஆவணம் வேண்டுமானால் காவல் நிலையப் பொறுப்பாளர் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் எழுத்து மூலம் ஆணை தரலாம். முதல்வர் அந்த எழுத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, கேட்ட ஆவணத்தை மட்டும் கொடுத்தால் போதும். எழுத்தர் போனிலேயே முகவரி சொல்லும் பழக்கம் நிற்க வேண்டும். உங்கள் துறைத் தலைவரிடம் இதை மனுவாகவே கொடுங்கள். முகாம் பதிவு அட்டையின் நகலைக் கல்லூரி கேட்டால், நகலின் மேலேயே எந்தத் தேவைக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.